தப்பு செய்தவரும் வீடு திரும்ப வேண்டும்



போன எபிசோடில் டிரைவர் இல்லா கார்களைப் பற்றிப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்களை எல்லாம் உட்கார்ந்து படிச்சேன். பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒண்ணு: "இது நம்ம ஊருக்கு வந்துட்டா சாலை விபத்தே இருக்காது, எப்ப வரும்?" இன்னொண்ணு: "நம்ம ஆளுங்களுக்கு ரோட் சென்ஸே கிடையாது. என்ன டெக்னாலஜி வந்தாலும் திருந்த மாட்டாங்க."

கேட்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே கருத்துதான் என்பது என் எண்ணம். பிரச்சினை வண்டி ஓட்டுகிறவரிடம் இருக்கிறது என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தர் அவரை எடுத்துவிடச் சொல்கிறார், இன்னொருத்தர் திட்டச் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஏன் என்பதுதான் இந்த வாரக் கடிதம்.

முதலிலேயே ஒண்ணு சொல்லிடறேன். நான் இருப்பது ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில். காருக்குள் ஓடும் மென்பொருளில்தான் என் பிழைப்பு. அதனால் 'டெக்னாலஜி எதுக்கும் உதவாது'ன்னு நான் சொல்லப்போறதில்லை.

அக்கா போட்ட போன்

இதை எழுத வைத்தது உங்கள் மெயில்கள் மட்டும் இல்லை. இரண்டு மாதம் முன்னாடி அக்கா போன் பண்ணினாள். "என்னடா, அவன்கிட்ட பைக் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டுப் போனியே, தினம் கேட்டு உசுரை எடுக்கிறான்" என்றாள். அவன் என்றால் அக்கா மகன். பொறியியல் முதல் வருடம். மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கத்தில் வீடு. கல்லூரி 14 கிலோமீட்டர் தள்ளி, நாலுவழிச் சாலை ஓரத்தில். போன லீவுக்குப் போனபோது பந்தாவாக வாக்குக் கொடுத்தது நான்தான். தாய்மாமன் இல்லையா?

அந்தச் சாலை எனக்குத் தெரியும். 2009-இல் என்னோடு படித்த ஒருத்தன் அந்தப் பக்கம்தான் போனான். இரவு நேரம், சென்டர் மீடியனில் இருந்த இடைவெளியில் வண்டியைத் திருப்பியிருக்கிறான், எதிரே லாரி. துக்கம் கேட்கப் போனபோது வாசலில் இரண்டு பேச்சு காதில் விழுந்தது. "பார்த்துத் திரும்பியிருக்கலாம்ல" என்றார் ஒரு பெரியவர். "விதி, யார் என்ன பண்ண முடியும்" என்றார் இன்னொருவர். அன்றைக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது. அந்த இடைவெளியை அங்கே யார் வைத்தார்கள், ஏன் அங்கே விளக்கு இல்லை, நூறில் வரும் லாரிப் பாதையின் குறுக்கே டூவீலர் திரும்ப வேண்டிய நிலை ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆபீஸில் ஒரு நியாயம், ரோட்டில் ஒரு நியாயம்

2017 பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் படுத்துவிட்டது. இணையத்தின் பாதியே நின்ற மாதிரி இருந்தது, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். காரணம், ஒரு ஊழியர் கமாண்ட் ஒன்றைத் தட்டும்போது நேர்ந்த பிழை. எடுக்க நினைத்ததைவிட நிறைய சர்வர்களை அது எடுத்துவிட்டது.

அதற்கு அமேசான் செய்தது என்ன? நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தில் ஊழியரைப் பற்றித் திட்டு எதுவும் இல்லை. அந்தக் கருவி இனி சர்வர்களை மெதுவாகத்தான் எடுக்கும்படி மாற்றினோம், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே முடியாதபடி தடை வைத்தோம் என்று எழுதினார்கள். கவனிச்சீங்களா? வேகத்தைக் குறைத்தார்கள், தடுப்பு வைத்தார்கள். மனிதன் தப்பு செய்வான் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தத் தப்பு பேரழிவாக மாறாதபடி செய்தார்கள்.

நம்ம தொழிலில் இது இப்போ அரிச்சுவடி. நேற்று சேர்ந்த பையன் புரொடக்ஷன் டேட்டாபேஸை அழித்துவிட்டால் 'ஏன்டா அழிச்சே'ன்னு கேட்கிற மேனேஜர் மோசமான மேனேஜர். 'அவனால் எப்படி அழிக்க முடிந்தது?' என்று கேட்பவர்தான் நல்ல மேனேஜர். காலை பத்து மணிக்கு இதை ஒப்புக்கொள்ளும் நாமே சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விபத்து வீடியோ வந்ததும் என்ன எழுதுகிறோம்? "ஹெல்மெட் போடலை, சாவு", "ராங் சைடுல வந்தான், வேணும்". நானும் எழுதியிருக்கேன்.

ராங் சைடில் வந்தது தப்புதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் யூ-டர்ன் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ப்பக்கக் கடைக்குப் போக வேண்டியவர் ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பெட்ரோல் விலைக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் அவர் ராங் சைடில் வருகிறார். ஒரே பட்டனை ஆயிரம் யூசர் தப்பாக அழுத்தினால் அதை டிசைன் பிழை என்போம். ரோட்டில் மட்டும் அது ஒழுக்கக்கேடு ஆகிவிடுகிறது.

இது நோய் மாதிரி

இப்படி யோசிக்க முதலில் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் மருத்துவர். அமெரிக்காவின் வில்லியம் ஹாடன், பொதுச் சுகாதாரத்துறையிலிருந்து வந்தவர். 1966-இல் அங்கே தேசிய அளவில் சாலைப் பாதுகாப்புக்கான அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் தலைவர்.

அவர் பார்வை எளிமையானது. மலேரியாவுக்குக் காரணம் ஒட்டுண்ணி, அதைச் சுமந்து வருவது கொசு. சாலைக் காயத்துக்குக் காரணம் ஆற்றல், அதைச் சுமந்து வருவது வண்டி. உடம்பு தாங்கும் அளவைவிட அதிக ஆற்றல் உடம்பில் இறங்கினால் காயம். அவ்வளவுதான். மலேரியா வந்தவரைப் பார்த்து 'கொசு கடிக்கும்போது கவனமா இருந்திருக்கலாம்ல' என்று நாம் சொல்வதில்லை. தேங்கிய தண்ணீரை அகற்றுகிறோம், வலை கட்டுகிறோம், மருந்து கொடுக்கிறோம். ஹாடனும் அதேபோல் ஒரு கட்டம் போட்டார். ஒரு பக்கம் மோதலுக்கு முன், மோதும் கணம், மோதலுக்குப் பின். இன்னொரு பக்கம் மனிதர், வண்டி, சுற்றுப்புறம். ஒன்பது கட்டங்கள். நம்ம ஊர்ப் பேச்சு முழுக்க 'மோதலுக்கு முன், மனிதர்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மீதி எட்டும் காலி.

ஆற்றல் என்றால் எவ்வளவு? பள்ளிக்கூட இயற்பியல் போதும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒன்றில் மோதுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 50 என்றால் ஏறக்குறைய பத்து மீட்டர், மூன்று மாடி. 80 என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. எட்டாவது மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் பால்கனி கட்டிவிட்டு, 'ஓரமா போகாதே, ஜாக்கிரதை' என்று பலகை வைக்கும் பில்டரை என்ன செய்வோம்? ஊர் நடுவே எண்பதில் ஓடும் சாலை போட்டு, நடுவில் அரளிச் செடி வைத்து, 'வேகம் விவேகமல்ல' என்று போர்டு வைப்பது அதே வேலைதான்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு ஏற்படும் மோதலுக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டோஸ் கூடக் கூட பாதிப்பு பல மடங்கு. நோய்க்கான கணக்கேதான்.

நோய் எவ்வளவு பெரிசுன்னும் பார்த்துடலாம். அதே நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி 2021-இல் உலகம் முழுக்க சாலையில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். 5 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்களின் சாவுக்கு முதல் காரணம் இதுதான். இந்தியாவில் 2022-இல் அரசுக் கணக்கில் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 460-க்கு மேல். தினம் ஒரு பெரிய விமானம் முழுசாக விழுந்தால் நாடு என்ன பாடுபடும்? தமிழ்நாட்டில் அந்த ஒரே ஆண்டில் 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். இதில் சேராதவர்கள், பிழைத்து, தலையில் அடிபட்டு, வேலைக்குப் போக முடியாமல், அண்ணன் தம்பி கையை எதிர்பார்த்து வீட்டில் இருப்பவர்கள். உங்கள் தெருவில் ஒருத்தர் நிச்சயம் இருப்பார்.

ஸ்வீடன்காரன் மட்டும் யோக்கியனா?

இப்ப வரப்போகும் பதில் எனக்குத் தெரியும். "ஸ்வீடன் பணக்கார நாடு, ஜனத்தொகை கம்மி, ஆட்கள் ஒழுங்கு." பத்து வருடமாக இங்கே இருக்கேன், ஒழுங்கைப் பற்றி நாம் தனியாகப் பேசலாம். இப்போதைக்குக் கணக்கு மட்டும்.

1966-இல் ஸ்வீடனில் சாலையில் இறந்தவர்கள் 1,313 பேர். அப்போது மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் குறைவு. லட்சம் பேருக்கு சுமார் 17 பேர். இந்தியாவின் இன்றைய சராசரி 12-ஐ ஒட்டி. அதாவது அன்றைய ஸ்வீடன்காரர் இன்றைய இந்தியரைவிட மோசம்! இப்போது மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது, கார்கள் பெருகிவிட்டன, ஆனால் 2020-இல் இறந்தவர்கள் 204 பேர். அறுபது வருடத்துக்குள் ஓர் இனத்தின் மரபணு மாறிவிடுமா?

இன்னொரு சம்பவம் இங்கே எல்லாருக்கும் தெரியும். 1967 செப்டம்பர் 3 காலை, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. எல்லோரும் பயந்து பயந்து, அதிகக் கவனத்தோடு ஓட்டினார்கள். விபத்துகள் சட்டென்று குறைந்தன. இரண்டே வருடத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கவனம் என்பது தீரும் பேட்டரி. அதை நம்பி ஒரு சிஸ்டம் கட்ட முடியாது.

அப்புறம் எது குறைத்தது? ஒன்றல்ல, பல. வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்றுமுனை சீட் பெல்ட் 1959-இல் வந்தது. மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையைத் திறந்துவிட்டார்கள். 1975-இல் முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது. 1997 அக்டோபரில் நாடாளுமன்றம் 'ஜீரோ நோக்கு' என்ற கொள்கையை ஏற்றது. சாலையில் யாரும் சாகவோ படுகாயம் அடையவோ கூடாது என்பதே இலக்கு. இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான கிளாஸ் டிங்வால் மருத்துவ அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தக் கொள்கையின் முதுகெலும்பு ஒரு வரிதான்: மனிதர்கள் தவறு செய்வார்கள், அதற்குத் தண்டனை மரணமாக இருக்கக்கூடாது. சாலையை வடிவமைத்தவருக்கும் பொறுப்பு உண்டு. ஓட்டுநர் விதியை மீறினாலும் அந்தப் பொறுப்பு போகாது.

காகிதத்தில் எழுதியதோடு நிற்கவில்லை. பதிமூன்று மீட்டர் அகலச் சாலைகளில் நேருக்கு நேர் மோதல் அதிகம் நடந்தது. அகலப்படுத்த நிலம் எடுக்கவில்லை. அதே தாரில் கோடுகளை மாற்றிப் போட்டு, நடுவில் கம்பித் தடுப்பு வைத்து, ஒரு பக்கம் இரண்டு வழி, மறுபக்கம் ஒரு வழி, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி மாற்றி என்று செய்தார்கள். தூங்கி வழியும் டிரைவர் எதிர்ப்பக்கம் போகாமல் கம்பியில் உரசி நிற்கிறார். கார் நாசம், ஆள் பிழைக்கிறார். அந்தச் சாலைகளில் உயிரிழப்பு சுமார் முக்கால் பங்கு குறைந்தது. பணக்கார நாட்டு வைத்தியமா இது? பெயின்ட்டும் கம்பியும்.

வேகக் கேமராவும் உண்டு. ஆனால் ஒளித்து வைப்பதில்லை. 'முன்னால் கேமரா இருக்கிறது' என்று பலகை வைத்துவிட்டுத்தான் வைக்கிறார்கள். அபராதம் வசூலிப்பதைவிட, அந்த இடத்தில் எல்லோரும் மெதுவாகப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பக்கத்து நாட்டுத் தலைநகர் ஹெல்சிங்கியில் 2025 ஜூலை வரையான பன்னிரண்டு மாதங்களில் சாலையில் ஒருவர்கூடச் சாகவில்லை. டிரைவர் இல்லா கார் வந்ததாலா? இல்லை. பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு 30.

பணக்கார நாட்டு உதாரணமே வேண்டாம் என்றால் வியட்நாமைப் பாருங்க. நம்ம ஊர் மாதிரியே டூவீலர் நாடு. 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலையிலும் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள், கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். சில நாட்களிலேயே ஏறக்குறைய எல்லார் தலையிலும் ஹெல்மெட். 'நம்ம ஆளுங்க திருந்த மாட்டாங்க' என்று அங்கேயும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அப்படியே காப்பி அடிக்க முடியாது

ஸ்வீடனில் நடப்பதை எடுத்துத் தமிழ்நாட்டில் ஒட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2022-இல் இந்தியாவில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் டூவீலர்காரர்கள். இன்னும் ஐந்தில் ஒரு பங்கு நடந்து போனவர்கள். ஸ்வீடனில் கணக்கே வேறு, அங்கே பெரும்பாலும் கார். அந்தக் கம்பித் தடுப்பையே இங்குள்ள பைக்காரர்கள் 'சீஸ் சீவும் கத்தி' என்று திட்டுவார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் மலேசியாவில் இருக்கிறது. அங்கிருந்து கேட்கும் நண்பர்களுக்குத் தெரியும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி வழி, 1970-களிலிருந்தே. லாரியும் பைக்கும் ஒரே தாரில் ஓட வேண்டாம் என்பது அங்கே பழைய யோசனை.

டூவீலர் நாட்டில் டிரைவர் இல்லா கார் எவ்வளவு உதவும்? வரட்டும், நல்லது. சான்பிரான்சிஸ்கோவிலும் ஃபீனிக்ஸிலும் ஓடும் வண்டிகள் காயம் ஏற்படுத்தும் மோதல்களைக் குறைப்பதாக வேமோ வெளியிட்ட ஆய்வுகளை நானும் படித்தேன், மோசமில்லை. ஆனால் 2022-இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த இந்தியர்கள் 50,029 பேர். ஹெல்மெட் இறப்பு வாய்ப்பை சுமார் 40 சதவீதமும் தலைக்காயத்தை சுமார் 70 சதவீதமும் குறைக்கும். அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்க. எதிர்காலக் காருக்காகக் காத்திருப்பது, தடுப்பூசி கையில் இருக்கும்போது நானோ ரோபோவுக்காகக் காத்திருப்பது மாதிரி.

சரி, டெக்னாலஜிக்கு இங்கே என்ன வேலை?

நிறைய இருக்கு. மூன்று சொல்றேன்.

முதலாவது டேட்டா. ஸ்வீடனில் போலீஸ் பதிவும் மருத்துவமனைப் பதிவும் ஒரே தரவுத்தளத்தில் சேர்கின்றன. சைக்கிளில் தனியாக வழுக்கி விழுந்தவர் போலீஸ் கணக்கில் வரவே மாட்டார், ஆனால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். அவரையும் எண்ணினால்தான் எந்தத் தெருவில் பனி அள்ள வேண்டும் என்று தெரியும். இந்தியாவில் ஐஐடி மெட்ராஸ் உருவாக்கி, தேசிய தகவலியல் மையம் நடத்தும் விபத்துத் தரவு அமைப்பு வந்திருக்கிறது. சம்பவ இடத்திலேயே போலீஸ்காரர் போனில் பதியலாம், இடம் துல்லியமாக விழும். நல்ல வேலை. ஆனால் 'காரணம்' என்ற இடத்தில் 'அதிவேகம்' என்று விழுந்ததும் விசாரணை முடிந்துவிடக்கூடாது. 2022 இறப்புகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் அந்த வேகத்தை அனுமதித்தது எது என்பது அடுத்த கேள்வி. ரூட் காஸ் என்று வாரம் இருமுறை பேசும் நமக்கு இது புரிய வேண்டும்.

இரண்டாவது, வண்டிக்குள் இருக்கும் சலிப்பூட்டும் தொழில்நுட்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் காரிலும் வேக வரம்பைப் படித்து எச்சரிக்கும் வசதி கட்டாயம். எரிச்சலாக 'டிங் டிங்' என்று கத்தும், என் சக ஊழியர்களே வண்டியில் ஏறியதும் அணைத்துவிடுகிறார்கள். நம்ம ஊருக்கு அதைவிட முக்கியம் பைக்கில் ஏபிஎஸ். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத்தான் அது கட்டாயம் ஆனது. அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடித்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சாதாரணக் குடும்பம் வாங்கும் வண்டி எது? அதற்குக் கீழே உள்ளதுதான். எல்லா டூவீலருக்கும் ஏபிஎஸ், வாங்கும்போதே இரண்டு ஹெல்மெட் என்று 2025 ஜூனில் ஒரு வரைவு விதி வந்தது. அதில் ஒரு வரிகூடத் தளரக்கூடாது என்பது என் கட்சி.

மூன்றாவது, மோதலுக்குப் பிறகு. இதில் தமிழ்நாட்டைப் பாராட்டியே ஆக வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலையில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டுகிறது. எந்த ஊர், எந்த நாடு, யார் மேல் தப்பு என்ற கேள்வி இல்லை. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் உயிரைக் காப்பாற்றுவதுதான் பொதுச் சுகாதாரம். சிகிச்சையில் இருக்கும் இந்தப் பெருந்தன்மை சாலை போடுவதிலும் வர வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது, பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போகும்போது இதை நாலு பேருக்குச் சொல்லுங்க. பயந்து விலகிப் போகிறவர்கள் இன்னும் நிறைய.

பைக் கதை

அக்கா மகனுக்கு நானே போன் பண்ணினேன். "மாமா, எந்த மாடல்னு அனுப்பட்டுமா?" என்றான். "முதல்ல ஒண்ணு சொல்லு, காலேஜுக்கு பஸ் இருக்குல்ல, எதுக்கு பைக்?" என்று கேட்டேன். கெத்துக்காகத்தான் கேட்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் சொன்னான்: "கடைசி காலேஜ் பஸ் அஞ்சு மணிக்குக் கிளம்பிடும் மாமா. லேப் முடிய அஞ்சரை ஆகும். அதுக்கப்புறம் ரோட்டைக் கிராஸ் பண்ணி அந்தப் பக்கம் போய் நின்னா, டவுன் பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு. நின்னாலும் நிக்கும், நிக்காமலும் போகும்."

அரை மணி நேரம். அந்த அரை மணி நேர இடைவெளிக்காக ஒரு பத்தொன்பது வயதுப் பையன் நாலுவழிச் சாலையில் நாலு வருடம் இரவில் வண்டி ஓட்டப்போகிறான். அவனுக்கு ஏதாவது ஆனால் எந்தப் பதிவிலும் 'பஸ் அஞ்சு மணிக்குக் கிளம்பியது' என்று காரணம் எழுதப்படாது. 'அதிவேகம்' என்றுதான் எழுதுவார்கள்.

அக்காவும் இன்னும் சில பெற்றோரும் சேர்ந்து, பஸ்ஸை அஞ்சே முக்காலுக்கு மாற்றச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கடிதத்தை வரைந்தது நான்தான். இரண்டு முறை 'பார்க்கலாம்' என்றார்கள். மூன்றாவது முறை, லேப் இருக்கும் நாட்களுக்கு மட்டும் ஒரு வண்டியை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாள்.

பைக்கும் வாங்கிக் கொடுத்தேன், ஒளிக்க விரும்பவில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டி, நல்ல ஹெல்மெட் இரண்டு. பின்னால் உட்காரும் நண்பனுக்கும் தலை இருக்கிறதே. கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேனா? இல்லை. ஏபிஎஸ்ஸும் ஹெல்மெட்டும் நான் வாங்கித் தரக்கூடியவை. அந்த மீடியன் இடைவெளியில் ஒரு விளக்கோ, ஊர் எல்லையில் வேகத்தைக் குறைக்கும் வடிவமைப்போ எந்தக் கடையிலும் கிடைக்காது. அது ஊர் கேட்டு, அரசு செய்ய வேண்டியது. வாரத்தில் அந்த மூன்று நாள் அவன் பஸ்ஸில் வருகிறான். இப்போதைக்கு நான் செய்த உருப்படியான பாதுகாப்பு வேலை அதுதான், காருக்குள் எழுதும் கோடையும் சேர்த்தே சொல்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குடும்பக் குழுவில் ஒரு விபத்துச் செய்தி வந்தால், 'யார் மேல தப்பு' என்று கேட்கும் முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. என்ன வேகம்? அந்த இடத்தில் அந்த வேகம் எப்படிச் சாத்தியமானது? அதே தப்பு நடந்தும் அவர் பிழைத்திருக்க என்ன இருந்திருக்க வேண்டும்? 2009-இல் அந்த வாசலில் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டிருந்தால், இப்போது அக்கா மகன் அந்த இடைவெளியைக் கடக்கும்போது அங்கே ஒரு விளக்காவது எரிந்திருக்கும்.

நீங்கள் இருக்கும் நாட்டில், உங்கள் தெருவில், இப்படி ஏதாவது ஒரு சின்ன மாற்றம் நடந்து பார்த்திருந்தால் எழுதுங்க. வேகத்தடை, பஸ் நேரம், பள்ளிக்கூட வாசல், எதுவானாலும் சரி. மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமா எழுதுங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.

ஹெல்மெட் ஸ்ட்ராப்பை மாட்டிக்கிட்டே கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.